எஞ்சியதை அளப்பது யார்?

2003ஆம் ஆண்டில் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக்குப் போனது. 2025 ஜனவரி முதல் நாள் இரவு, போபால் யூனியன் கார்பைடு ஆலை வளாகத்திலிருந்து 337 டன் நச்சுக் கழிவை ஏற்றிக்கொண்டு 12 கண்டெய்னர் லாரிகள் போலீஸ் காவலுடன் 250 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பீதம்பூருக்குப் புறப்பட்டன. இரண்டும் பெரிய செய்திகள்; இரண்டிலும் எண்கள் சரியானவை. ஆனால் அவை வெளியே போனதின் எடையை மட்டுமே சொல்கின்றன. உள்ளே என்ன கிடக்கிறது என்பதைப் பற்றி அவற்றில் ஒரு சொல் இல்லை. போபால் வளாகத்திலும் அதை ஒட்டியும் மாசுபட்ட மண் மட்டும் சுமார் 11 லட்சம் டன் இருக்கும் என்று நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரியும் ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமும் 2010இல் கணக்கிட்டிருந்தன. அதன் முன் வைத்துப் பார்த்தால் லாரியேறியது பத்தாயிரத்தில் மூன்று பங்கு. பீதம்பூரில் அதை எரித்து முடித்தபோது, எரியூட்டலில் சேர்த்த சுண்ணாம்பு முதலியவற்றின் எடையும் கூடி, மிஞ்சிய சாம்பலும் கசடும் 900 டன்னை நெருங்கின. நாற்பதாண்டுக் கறை நீங்கியது என்ற தலைப்புகளை எழுதியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நச்சு நிலங்களைத் தூய்மைப்படுத்தும் பணியை அரசு மேற்பார்வையிடுகிறது என்று சொல்லும்போது, அது எதை அளக்கிறது என்பதே முதல் கேள்வி. வெளியேறியதை அளப்பது எளிது. எடைமேடைச் சீட்டு இருக்கிறது, புகைப்படம் இருக்கிறது, தேதி இருக்கிறது, நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய ஒரு பிரமாணப் பத்திரம் கிடைக்கிறது. எஞ்சியதை அளப்பதோ முடிவில்லாத வேலை: மழைக்கு முன்னும் பின்னும் கிணற்று நீரைப் பார்க்க வேண்டும், ஓடையின் வண்டலைப் பார்க்க வேண்டும், மீனைப் பார்க்க வேண்டும், ஐந்தாண்டு கழித்து மீண்டும் வர வேண்டும். அதற்கு நாடா வெட்டும் விழா கிடையாது. இந்தியாவில் இந்தத் துறையின் மேற்பார்வை ஏறக்குறைய முழுவதும் முதல் வகை அளவீட்டின்மேல் கட்டப்பட்டிருக்கிறது. இரண்டாம் வகை நடக்கும் இடத்திலும் அதைச் செய்பவர் மாசுபடுத்தியவரின் செலவில், மாசுபடுத்தியவரின் ஒப்பந்தத்தில் செய்கிறார். அரசின் அக்கறையின்மையைவிட இந்த அமைப்புமுறைதான் நம் நச்சு நிலங்கள் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடப்பதற்குப் பெரிய காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கொடைக்கானலையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இயங்கிவந்த தெர்மாமீட்டர் ஆலை 1980களின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்து இந்த மலைக்கு வந்தது. அதன் உரிமையாளர் முதலில் பாண்ட்ஸ், பின்னர் உலக அளவிலான ஒரு கைமாற்றத்தின் வழியே ஹிந்துஸ்தான் லீவர், இன்றைய ஹிந்துஸ்தான் யூனிலீவர். ஆலை நின்ற மேட்டுக்குக் கீழே பாம்பார் சோலை. அந்த ஓடை கும்பக்கரை அருவியாக இறங்கிப் பெரியகுளம் பக்கம் சமவெளியைத் தொடுகிறது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில், கடைகளும் வீடுகளும் நெருக்கியடித்த இடத்தில், ஒரு காயலான் கடையில் 7.4 டன் கண்ணாடிச் சில்லுகள் கிடப்பதை உள்ளூர்ச் சூழல் ஆர்வலர்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிக்கொணர்ந்தார்கள். உடைந்த தெர்மாமீட்டர்கள், பலவற்றில் பாதரசம் அப்படியே இருந்தது. அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. சில்லுகளும் ஆலைக்குள்ளிருந்த மற்ற கழிவுகளும் சேர்ந்துதான் அந்த 290 டன். சட்டம் கோரிய கண்காணிப்பு எத்தனையோ ஆண்டுகள் இருந்தும் சில்லுகள் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கண்டுபிடித்தது மாசுக் கட்டுப்பாட்டு வாரியமல்ல, ஊர்.

கண்ணாடியைத் திரட்டிப் பெட்டியில் அடைத்துவிடலாம். மண்ணில் கலந்த பாதரசத்தை அப்படிச் செய்ய முடியாது. அது அறை வெப்பத்திலேயே ஆவியாகும் உலோகம். காற்றில் கலந்து போய் வேறெங்கோ படியும். நீரடி வண்டலில் உயிர்வளி குறைந்த இடத்தில் நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும். அதன் பின் அது மீனுக்குள் ஏறி, மீனைத் தின்னும் மீனுக்குள் பெருகி, தட்டுக்கு வரும். 2006இல் வெளியான ஓர் ஆய்வில், ஹைதராபாத்தில் அணுசக்தித் துறையின்கீழ் இயங்கும் மையத்தின் அறிவியலாளர்கள் கொடைக்கானல் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் கூடுதலாக இருப்பதைக் கண்டு, ஆலை வெளியேற்றத்தையே காரணமாகச் சுட்டினார்கள். ஆலைச் சரிவின் நீர் வடிவது பாம்பார்ப் பக்கம்; சுற்றுலாப் பயணிகள் படகு விடும் ஏரி வேறு பக்கம். வேலி என்பது நிலப் பதிவேட்டில் உள்ள கோடு, பாதரசத்துக்கு அது தெரியாது. ஆனால் தூய்மைப் பணியின் திட்டம், செலவு, இலக்கு, சான்றிதழ் எல்லாமே வேலிக்கு உள்ளே இருப்பதை அளவாகக் கொண்டே எழுதப்பட்டன.

மேற்பார்வை கிடைக்காமல் போன இடமல்ல கொடைக்கானல் என்பதுதான் இந்த வழக்கைப் படிக்கத் தக்கதாக்குகிறது. அபாயகரக் கழிவுகள் குறித்து உச்ச நீதிமன்றம் 2003 அக்டோபரில் அமைத்த கண்காணிப்புக் குழு 2004இல் அங்கே வந்து பார்த்தது. உள்ளூர்க் குழு ஒன்றும் உருவானது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நிபுணர் குழு அமைத்தது. மண் எந்த அளவுக்குத் தூய்மையாக வேண்டும் என்று பரிந்துரைக்கும் பணி நீரி நிறுவனத்திடம் வந்தது, செலவு ஹிந்துஸ்தான் யூனிலீவருடையது. பின்னர் டெல்லி ஐஐடி, லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம், ஊட்டியின் மண்வள ஆய்வு மையம் என்று ஆய்வுகள் தொடர்ந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு போயிற்று. இத்தனை அமைப்புகள் பார்த்த பிறகும், மண்ணைக் கழுவிச் சூடேற்றிப் பாதரசத்தைப் பிரித்தெடுக்கும் முழுப் பணி தொடங்க ஆலை மூடி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. குழுக்களின் எண்ணிக்கை மேற்பார்வையின் அளவுகோல் என்றால் கொடைக்கானல் நாட்டிலேயே மிக நன்றாகக் கண்காணிக்கப்பட்ட நிலமாக இருந்திருக்க வேண்டும்.

இழுபறியின் நடுவில் இருந்தது ஒரே ஓர் எண். ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரசம் இருந்தால் அது தூய மண்? தொடக்கத்தில் நெதர்லாந்தின் அளவான 10 பேசப்பட்டது. முடிவில் நின்றது 20. எதிர்த்தவர்கள் பிரிட்டனைக் காட்டினார்கள்: அந்நாட்டுச் சூழல் முகமை 2009இல் குடியிருப்பு நிலத்துக்கு வெளியிட்ட வழிகாட்டு அளவு, உலோகப் பாதரசத்துக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம். ஆனால் அதே பட்டியலில் கனிமச் சேர்மமாக உள்ள பாதரசத்துக்கு 170, மெத்தில் பாதரசத்துக்கு 11. இரு தரப்பும் தமக்கு வசதியான வரியை அடிக்கோடிடலாம் என்பதே இதிலிருந்து தெரிவது. மொத்தப் பாதரசம் இவ்வளவு என்று மட்டும் சொல்லும் ஆய்வக அறிக்கையை வைத்து இந்தச் சண்டையைத் தீர்க்க முடியாது; அது எந்த வடிவில் இருக்கிறது, ஆவியாகிறதா, மண்ணின் மட்கோடு பிணைந்துவிட்டதா, மழையில் வண்டலோடு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, அவ்வளவாகப் பேசப்படாதது: இலக்கு எண் என்பது செலவுக் கணக்கும்கூட. 20 என்றால் தோண்ட வேண்டிய மண் ஓர் அளவு. 10 என்றால் அதைவிட அதிகம். 1 என்றால் மேட்டையே பெயர்க்க வேண்டியிருக்கலாம். எண்ணை முடிவு செய்கிறவர் பட்ஜெட்டையும் முடிவு செய்கிறார். அந்த ஆய்வுக்குப் பணம் கொடுப்பவரே எண்ணால் மிச்சப்படுத்தப்போகிறவராகவும் இருக்கும் ஏற்பாட்டில், விஞ்ஞானிகள் எவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டாலும் முடிவை ஊர் நம்பாது. நம்பாததில் தவறும் இல்லை.

இங்கே எழும் மறுப்பு வலுவானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கடுமையான இலக்கு வைத்தால் சரிவிலுள்ள மரங்களை வெட்ட வேண்டும், மேல்மண்ணைச் சுரண்ட வேண்டும். அடுத்த மழையில் தளர்ந்த மண் பாதரசத்தையும் இழுத்துக்கொண்டு சோலைக்குள் இறங்கும். காப்பாற்றப் போனதே அழியும் என்பது நிறுவனத் தரப்பின் வாதங்களில் ஒன்று. சோலைக்காடு ஒரு முறை போனால் திரும்பாது என்பதைப் பழனி மலையைத் தெரிந்த யாரும் மறுக்க மாட்டார்கள். எனவே சில சரிவுகளில் மண்ணைத் தொடாமல் விடுவதே சரியான முடிவாக இருக்கக்கூடும். ஆனால் அந்த முடிவின் பெயர் தூய்மைப்படுத்துதல் அல்ல. நஞ்சை அங்கேயே விட்டுவைத்துக் காவல் காப்பது. காவலுக்கு ஆள் வேண்டும், காலக்கெடு வேண்டும், பணம் வேண்டும், வண்டலும் மீனும் ஒழுங்காக அளக்கப்பட வேண்டும், அளவு ஏறினால் என்ன செய்வது என்று முன்பே எழுதிவைக்க வேண்டும். சோலையைக் காட்டி இலக்கைத் தளர்த்திக்கொண்டு, தளர்த்திய இலக்கை எட்டியதும் பணி முடிந்தது என்று கணக்கை மூடுவதில்தான் கோளாறு. தளர்த்தலுக்கான காரணமே நீண்டகாலக் கண்காணிப்புக்கும் காரணம்.

அளவீட்டை மாசுபடுத்தியவரின் ஒப்பந்ததாரரிடம் விட்டால் என்ன நடக்கக்கூடும் என்பதற்குச் சான்று வேண்டுமென்றால் சான் பிரான்சிஸ்கோவின் ஹன்டர்ஸ் பாயின்ட் கடற்படைத் தளத்தைப் பார்க்கலாம். 1946இல் பசிபிக்கில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளில் கதிரியக்கம் படிந்த கப்பல்கள் அங்கேதான் கொண்டுவந்து கழுவப்பட்டன. அங்கே மாசுபடுத்தியது அமெரிக்கக் கடற்படை. தூய்மைப் பணியை நடத்துவதும் கடற்படை. மண் மாதிரி எடுத்தது கடற்படை அமர்த்திய டெட்ரா டெக் நிறுவனத்தின் துணை அமைப்பு. தோண்டிய அகழிகளிலிருந்து எடுக்க வேண்டிய மண்ணுக்குப் பதிலாக, சுத்தமானது என்று தெரிந்த வேறிடத்து மண்ணை எடுத்து உறையில் போட்டு, மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று காட்டும் படிவங்களையும் பொய்யாக நிரப்பியதாக இரண்டு மேற்பார்வையாளர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2018இல் தலா எட்டு மாதச் சிறைத் தண்டனை பெற்றார்கள். சில பகுதிகளின் தரவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் நம்பத் தகாதது என்று அந்நாட்டுச் சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டது. இப்படிப்பட்ட மோசடிக்கு ஆய்வகம் தவறு செய்ய வேண்டியதே இல்லை. கருவி சரியாகவே அளந்தாலும் உறைக்குள் இருக்கும் மண் வேறு. அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து ஆய்வக அறிக்கையைப் படிக்கும் மேற்பார்வையால் இதை ஒருபோதும் கண்டுபிடித்திருக்க முடியாது.

அமெரிக்காவை முன்மாதிரியாக நிறுத்த இந்த எடுத்துக்காட்டு உதவாது என்று தோன்றலாம். முன்மாதிரியாக நிறுத்துவது என் நோக்கமும் அல்ல. ஆனால் அந்நாட்டின் நாற்பதாண்டு அனுபவத்தில் நமக்குப் பயன்படும் இரண்டு மூன்று ஏற்பாடுகள் உண்டு. நயாகரா ஃபால்ஸ் நகரத்தில் லவ் கனால் என்ற பழைய கால்வாய்க் குழியில் ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் 21,000 டன்னுக்கு மேல் ரசாயனக் கழிவைப் புதைத்து, 1953இல் அந்த நிலத்தைப் பள்ளி வாரியத்துக்கு ஒரு டாலருக்கு விற்றது. 1978இல் வீடுகளின் அடித்தளத்தில் கசிவு தெரிந்து நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அதன் விளைவு 1980 டிசம்பரில் கையொப்பமான சூப்பர்ஃபண்டு சட்டம். வேதிப்பொருள்கள் மீதும் பெட்ரோலியம் மீதும் வரி போட்டு நிதி திரட்டியது அது. பொறுப்பாளி இல்லாத இடங்களை அந்த நிதியில் தூய்மைப்படுத்துவது, பொறுப்பாளி இருந்தால் அவரிடம் வசூலிப்பது. சட்டம் வந்து இரண்டே ஆண்டில் அதன் நடைமுறை சந்தி சிரித்தது. நிறுவனங்களுக்குச் சலுகை காட்டப்பட்டதா என்று விசாரித்த நாடாளுமன்றத்துக்கு ஆவணங்களைத் தர மறுத்த முகமைத் தலைவர் ஆன் கோர்சச் 1982 டிசம்பரில் அவை அவமதிப்புக்கு உள்ளானார். அடுத்த மார்ச்சில் பதவி விலகினார். அந்தத் திட்டத்தை நடத்திய ரீட்டா லாவெல் நாடாளுமன்றத்தில் பொய் சொன்னதற்காகச் சிறை சென்றார். சட்டமன்றக் குழு ஒன்று கோப்புகளைக் கேட்டு, கிடைக்கும்வரை விடாமல் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு இது ஓர் உதாரணம். நம் சட்டப்பேரவைகளின் குழுக்களுக்கும் ஆவணம் கேட்கும் அதிகாரம் உண்டு. நச்சு நிலம் ஒன்றைப் பற்றி அது பயன்படுத்தப்படுவது அரிது.

நாம் கற்க வேண்டியது அதிகமாக இருப்பது முன்னேற்றத்தை அளக்கும் முறையில். அங்கேயும் நம்முடையது போன்ற ஒரு மயக்கம் இருந்தது: கட்டுமானம் முடிந்தது என்ற அளவீடு. நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டி முடிந்தால் அந்த இடம் இந்தப் பட்டியலில் ஏறிவிடும். நிலத்தடி நீர் தூய்மையாக இன்னும் முப்பதாண்டு ஆகலாம். இதன் குறை தெரிந்த பின் வேறு இரண்டு கேள்விகள் சேர்க்கப்பட்டன. நச்சு மனிதர்மேல் படுவது கட்டுக்குள் இருக்கிறதா? மாசுபட்ட நிலத்தடி நீர் நகர்வது கட்டுக்குள் இருக்கிறதா? ஒவ்வோர் இடத்துக்கும் பதில் வெளியிடப்படுகிறது. ஆம், இல்லை என்பவற்றோடு, போதிய தரவு இல்லை என்ற பதிலுக்கும் இடம் உண்டு. அந்த மூன்றாவது பதிலைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். நம் வாரியங்களின் பிரமாணப் பத்திரங்களில் அந்த வாக்கியத்தைத் தேடிப் பார்த்தால் கிடைப்பது கடினம். அதோடு, 1986இல் வந்த திருத்தத்தின்படி, கழிவு தங்கிவிட்ட இடங்களை ஐந்தாண்டுக்கு ஒரு முறை மறுபரிசீலனை செய்தாக வேண்டும். அதே திருத்தம் பாதிக்கப்பட்ட ஊர்க்காரர்கள் தங்களுக்கென்று ஒரு நிபுணரை அமர்த்திக்கொள்ள 50,000 டாலர் வரை மானியம் தந்தது. லவ் கனால் 2004இல் முன்னுரிமைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் கழிவு இன்னும் அங்கே மண்மூடிக்குக் கீழேதான் இருக்கிறது. கசிவு நீரைச் சேகரித்துச் சுத்திகரிக்கும் வேலையும் ஐந்தாண்டு ஆய்வும் தொடர்கின்றன. பட்டியலிலிருந்து பெயர் போவதும் நஞ்சு போவதும் வேறு வேறு என்பதை அந்த ஏற்பாடு ஒத்துக்கொள்கிறது.

இதெல்லாம் பணக்கார நாட்டின் ஆடம்பரம், அங்கேயும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் இன்னும் பட்டியலில் கிடக்கின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான். 1995இன் முடிவில் அந்த வரியைக் காலாவதியாக விட்டார்கள். நிதி வற்றியது, பணிகள் மந்தமாயின. 2021க்குப் பிறகே வரி திரும்ப வந்தது. ஆனால் அந்தத் தோல்வி நமக்குத் தெரிவது எப்படி? ஒவ்வோர் இடத்தின் நிலையும் ஆண்டுதோறும் வெளியிடப்படுவதால், நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் அவற்றைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பதால். ஹன்டர்ஸ் பாயின்ட் மோசடி வெளிவந்ததும், மூல மாதிரிகளின் பதிவுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருப்பதைச் சிலர் பார்க்க முடிந்ததாலும் பணியாளர்கள் வாய் திறந்ததாலும்தான். எண்கள் வெளியே இருந்தால் பொய் என்றைக்காவது அகப்படும். கோப்புக்குள் இருந்தால் பொய்க்கும் மெய்க்கும் ஒரே மதிப்பு.

பணம் கொடுக்கப் பெரிய நிறுவனம் இருக்கும் இடத்தில் சண்டை எண்ணைப் பற்றியது. யாருமே இல்லாத இடத்தில் சண்டைகூட இல்லை. ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிலுக்கு வேண்டிய குரோமிய உப்புகளைச் செய்துவந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடிக்கொண்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கசடு குவியலாக அங்கே தங்கியது. மழை பெய்தால் குவியலடியிலிருந்து மஞ்சளாக நீர் வடியும். அது ஆறிணைதிறக் குரோமியம், புற்றுநோய் உண்டாக்கவல்ல வடிவம். குடிநீரில் குரோமியத்துக்கு அனுமதிக்கப்படும் அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், நீரில் மஞ்சள் நிறம் கண்ணுக்குத் தெரியும் முன்னரே அந்த வரம்பு தாண்டப்பட்டிருக்கும். நிலத்தடி ஓட்டத்தின் போக்கு பாலாற்றை நோக்கியது. உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்கள் என்று பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006இல் வெளியிட்ட பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. ஆய்வுகளுக்கு அங்கே குறைவே இல்லை. திட்ட மதிப்பீடுகள் வந்தன, அடுத்த மதிப்பீடுகளும் வந்தன, ஒவ்வொன்றிலும் கசடின் அளவும் செலவும் கூடின. மேற்பார்வையிட ஒரு பணி இருந்தால்தானே மேற்பார்வை.

இந்தக் குறையைத் தீர்க்கும் என்று எதிர்பார்க்கப்பட்டவை 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்ட மாசுபட்ட நிலங்கள் மேலாண்மை விதிகள். நாடு முழுவதும் 103 இடங்கள் மாசுபட்டவை என்று அடையாளம் காணப்பட்டிருந்தும், அப்போது ஏழில் மட்டுமே மீட்புப் பணி தொடங்கியிருந்தது. புதிய விதிகளின்படி மாவட்ட நிர்வாகம் ஐயத்துக்குரிய இடங்களைப் பற்றி ஆறு மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை தர வேண்டும். மாநில வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வையும், உறுதியானால் அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வையும் முடிக்க வேண்டும். 189 வேதிப்பொருள்களின் பட்டியல் உண்டு. பொறுப்பாளி கிடைக்காவிட்டால் மத்திய, மாநில அரசுகள் செலவை ஏற்க வேண்டும். ராணிப்பேட்டை போன்ற இடத்துக்கு இந்தக் கடைசி அம்சம் பெரிய முன்னேற்றம், மறுக்க முடியாது. ஆனால் கண்டுபிடிப்பதற்கு நாள் கணக்கு வைத்த விதிகள், தூய்மையாக்கி முடிப்பதற்குக் கெடு எதையும் வைக்கவில்லை. அதோடு, இந்தக் கடமைகள் எல்லாம் வந்து சேரும் மேசை எது? மாநில வாரியங்களில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பாதியை நெருங்கும் அளவு நாடெங்கும் காலி. ஒரு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் ஆலைகளுக்கு இசைவாணை தர வேண்டும், புகார்களுக்கு ஓட வேண்டும், தீர்ப்பாயத்துக்குப் பதில் எழுத வேண்டும். இதற்கிடையில் நிறுவனத்தின் ஆலோசகர் கொடுக்கும் நானூறு பக்க அறிக்கையின் எந்த இணைப்பில் எந்தத் துளையின் மாதிரி விடுபட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அறிக்கை ஏற்கப்பட்டது என்ற முத்திரை விழுவதில் வியப்பில்லை.

இன்னொரு மறுப்பு மிச்சமிருக்கிறது. சுதந்திரமான ஆய்வு, மறு ஆய்வு, ஊர்க் குழுவின் நிபுணர் என்று கேட்டுக்கொண்டே போனால் காலம்தான் ஓடும். கொடைக்கானலில் இருபதாண்டு போனதற்கு எதிர்ப்பாளர்களும் ஒரு காரணம். அந்த ஆண்டுகளில் பெய்த ஒவ்வொரு மழையும் கொஞ்சம் பாதரசத்தைக் கீழே கொண்டுபோயிருக்கும். இந்த வாதத்தில் பாதி உண்மை உண்டு. மறுபாதி என்னவென்றால், இழுபறி நடந்தது அளவீட்டின் அளவுக்கதிகத்தால் அல்ல, அளவீட்டின் மீது யாருக்கும் நம்பிக்கை இல்லாததால். பணம் நிறுவனத்துடையதாக இருக்கட்டும். அது வாரியம் நடத்தும் தனிக் கணக்குக்குப் போய், ஆலோசகரை அமர்த்துவதும் கேள்விகளை எழுதுவதும் வாரியமாக இருந்தால், இலக்கு எண்ணைப் பற்றி எழுந்த சந்தேகத்தை இத்தனை ஆண்டு வளர்க்க வேண்டியிருந்திருக்காது. மாதிரி எடுக்கும் ஒவ்வொரு குழியிலும் மண்ணை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கு ஆகும் கூடுதல் செலவு மொத்தத் திட்டத்தில் சில்லறை. இலக்கு எண் முடிவாகும்வரை வண்டல் தடுப்புச் சுவர்களையும் வடிகால் அணைகளையும் கட்டிப் பராமரிக்கலாம். கொடைக்கானலில் வளாகத்துக்குள் அப்படிக் கட்டவும் செய்தார்கள். இடைக்காலப் பாதுகாப்பும் இறுதி இலக்கும் ஒன்றையொன்று தடுப்பதில்லை. தாமதத்துக்கு அளவீட்டைக் குறை சொல்பவர்கள், போபாலில் 337 டன்னைச் சாக்குக் கட்டி வைத்ததற்கும் லாரியில் ஏற்றியதற்கும் இடையே இருபதாண்டு போயிற்று என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நடுவே ஜெர்மனிக்கு அனுப்பும் பேச்சு நடந்து 2012இல் முறிந்தது.

ஆகவே மேற்பார்வைக்கு நாம் கேட்க வேண்டியது புதிய குழு அல்ல. ஒவ்வோர் இடத்துக்கும் நிலையான கிணறுகள், நிலையான வண்டல் புள்ளிகள், எங்கே என்று வரைபடத்தோடு. ஆண்டுக்கு இரண்டு முறை அளவுகள், உள்ளூர் மொழியில். அளக்க முடியாமல் போன இடத்தில் அளக்கவில்லை என்ற பதிவு. பணி முடிந்த பின்னும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை, நிறுவனம் நிலத்தை விற்றிருந்தாலும் சரி. இதற்கெல்லாம் அடிப்படை, தோண்டும் முன் எடுத்த அளவு. ராணிப்பேட்டையில் குவியல் அப்படியே நிற்பதால் அது இப்போதும் சாத்தியம்: பணி ஒப்பந்தம் போடும் முன்பே, ஒப்பந்ததாரரோடு தொடர்பில்லாத ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் பாலாறு வரையிலான கிணறுகளைப் பார்த்து எண்களை வெளியிட்டுவிடலாம். கொடைக்கானல் ஆலை நிலத்தில் அந்த வாய்ப்பு போய்விட்டது. மண் தோண்டிக் கழுவப்பட்டபின் பழைய நிலை நிறுவனத்தின் அறிக்கைகளில் மட்டுமே இருக்கும். வேலிக்கு வெளியே, பாம்பார் ஓடையின் மடுக்களில் ஆண்டுக்காண்டு படிந்த வண்டலில், ஆலை தொடங்கிய நாள் முதல் நடந்தது அடுக்கடுக்காக இன்னும் இருக்கிறது. அதை எடுத்து அளப்பதற்கு யாருடைய இசைவாணையும் தேவையில்லை, வனத்துறையின் அனுமதியைத் தவிர.